படம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? முதலில் ஸ்கேலை எடுங்கள்

"ப்ரொஜெக்டர்ல படம் கட்டம் கட்டமா தெரியுதுங்க" என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது, கட்டம் எவ்வளவு பெரிசு என்றுதான். வீட்டில் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில் ஸ்கேல் இருக்கும். படத்தை நிறுத்தி வைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் போய், ஒரு கட்டத்தின் அகலத்தை அளந்து சொல்லச் சொல்வேன். சிலர் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஓர் அளவு தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. கோளாறு ப்ரொஜெக்டரிலா, அதற்கு வந்து சேரும் படத்திலா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கணக்கு இதுதான். 120 இஞ்ச் அகலத்திரை என்றால் குறுக்கே ஏறக்குறைய 266 சென்டிமீட்டர். அதில் ஃபுல் எச்.டி. ப்ரொஜெக்டர் 1920 பிக்சலை, அதாவது படத்தின் சிறு புள்ளிகளை, நிரப்புகிறது. ஆக ஒரு பிக்சல் 1.4 மில்லிமீட்டர். 1280 பிக்சல் உள்ள மெஷினில் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். விலை மலிவான, 800 பிக்சல் மட்டுமே உள்ள மெஷினில் 3.3 மில்லிமீட்டர். நீங்கள் அளந்தது இந்த ஒன்று முதல் மூன்றரை மில்லிமீட்டருக்குள் இருந்து, திரை முழுக்க ஒரே சீராக, வெள்ளைப் பரப்பில்கூட வலை போட்டது போல் தெரிந்தால், அது பிக்சல். கோளாறு இல்லை, உங்கள் மெஷினின் இயல்பே அதுதான்.

ஒன்றரை சென்டிமீட்டர், மூன்று சென்டிமீட்டர், ஆறு சென்டிமீட்டர் என்று அளவு வந்தால் கதை வேறு. டிவிடி, பழைய எஸ்.டி. சேனல் (எச்.டி. அல்லாத, தெளிவு குறைந்த சேனல்) ஆகியவற்றின் படத்தை, தரவின் அளவு குறைய, 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்கியிருப்பார்கள். டிவிடியின் 720 பிக்சலை 266 சென்டிமீட்டருக்கு இழுத்தால் அந்தக் கட்டம் ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டர் வரும். 16-க்கு 16 என்று எடுத்தால் ஆறு சென்டிமீட்டர். எச்.264 முறையில் சுருக்கிய ஃபுல் எச்.டி. படத்தில் 16 பிக்சல் கட்டம் 2.2 சென்டிமீட்டர். இதே கட்டம் 43 இஞ்ச் டிவியில் 8 மில்லிமீட்டர்தான் இருக்கும். "டிவியில நல்லாத்தானே இருந்துச்சு, இதுல மட்டும் ஏன்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். டிவியிலும் கட்டம் இருந்தது, கண்ணுக்குப் படவில்லை.

அடுத்த சோதனைக்கு ஸ்கேல்கூட வேண்டாம். படம் கெட்டுப்போய்த் தெரியும் அந்த நேரத்திலேயே ப்ரொஜெக்டரின் சொந்த ரிமோட்டை எடுத்து மெனுவைத் திறங்கள். ஓ.டி.டி. பார்க்கச் செருகும் ஸ்டிக்கின் மெனு இல்லை, செட்டாப் பாக்ஸின் மெனு இல்லை, ப்ரொஜெக்டரின் மெனு. அந்த எழுத்தை மெஷின் தனக்குள்ளேயே உருவாக்குகிறது. எழுத்து கூர்மையாக நிற்க, பின்னால் உள்ள படம் மட்டும் உடைந்திருந்தால், லென்ஸ், பேனல் (மெஷினுக்குள் பிக்சல்கள் இருக்கும் தகடு) எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். படம் அங்கே வந்து சேரும் முன்பே உடைந்துவிட்டது.

கேபிளை மாற்றாதீர்கள், இன்னும்

கட்டம் என்றதும் எல்லோரும் சொல்லும் முதல் மருந்து "எச்.டி.எம்.ஐ. கேபிளை மாத்துங்க" என்பது. இது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் தரும் விஷயம். எங்கள் திருச்சிப் பக்கம் பல வீடுகளில் கேபிள் பத்து, பதினைந்து மீட்டர் நீளத்துக்குச் சுவருக்குள் பைப்பில் ஓடுகிறது. பைப் குறுகலாக இருந்தால் கேபிள் முனை நுழையாது, சுவரை உடைக்க வேண்டும். தில்லை நகரில் ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டில் கொத்தனாரே வந்து நின்றிருந்தார்.

"தம்பி, மருமகன் கேபிள்தான்னு சொல்றார். சுவத்தை உடைச்சிரலாமா?"

"கொஞ்சம் பொறுங்க ஐயா. எந்தச் சேனல் பார்க்குறீங்க?"

அவர் பார்த்தது எஸ்.டி. சேனல். எச்.டி. சேனலுக்கு மாற்றியதும் படம் தெளிந்தது. கொத்தனார் காபி குடித்துவிட்டுப் போனார்.

காரணம் எளிது. சுருக்கிய படத்தை விரிப்பது ஸ்டிக், செட்டாப் பாக்ஸ் அல்லது பிளேயருக்குள் இருக்கும் சிப். அது விரித்த பிறகுதான் படம் எச்.டி.எம்.ஐ.க்குள் போகிறது. கேபிளில் ஓடுவது விரித்து முடித்த பிக்சல்கள். அங்கே தகராறு வந்தால் அது வேறு மாதிரி தெரியும்: திரையில் வெள்ளைப் பொடி தூவியது போல் மினுமினுப்பு, குறுக்கே பளிச்சென்று கோடு, சில நொடி கறுப்பு, "நோ சிக்னல்". ஒழுங்கான சதுரக் கட்டம் சாதாரணக் கேபிளால் வருவதில்லை. மினுமினுப்பு வந்தால் மட்டும் கேபிளைச் சந்தேகப்படுங்கள். அதிலும் முதலில் ஸ்டிக்கின் வெளியீட்டை 4கே-யிலிருந்து 1080பி-க்குக் குறைத்துப் பாருங்கள். மினுமினுப்பு நின்றுவிட்டால் அந்த நீளத்துக்கு அந்தக் கேபிள் தாங்கவில்லை. எச்.டி.ஆர். உள்ள 4கே படம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓட 18 ஜிகாபிட் பாதை வேண்டும். பதினைந்து மீட்டர் செம்புக் கேபிளில் அதை எதிர்பார்க்க முடியாது, ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. போட வேண்டியிருக்கும். அதில் எந்த முனை பிளேயருக்கு, எந்த முனை ப்ரொஜெக்டருக்கு என்று எழுதியிருக்கும். மாற்றிச் செருகினால் படமே வராது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சுவரில் கேபிள் வேண்டாம் என்று வயர்லெஸ் எச்.டி.எம்.ஐ. பெட்டி வாங்கியிருந்தால், அவற்றில் பல, படத்தை மறுபடி சுருக்கித்தான் காற்றில் அனுப்புகின்றன. அங்கே கட்டம் புதிதாக முளைக்கும். சோதிக்க, ஸ்டிக்கை நேராக ப்ரொஜெக்டரின் பின்னால் செருகிப் பார்த்தால் போதும். போன் திரையை மிரர் செய்து படம் பார்ப்பவர்களுக்கும் இதே வியாதி. போன் தன் திரையை அந்தக் கணமே சுருக்கி வைஃபையில் தள்ளுகிறது. மிரர் செய்யாமல் ஆப்பிலேயே இருக்கும் காஸ்ட் பொத்தானை அழுத்தினால், அந்தப் பக்கம் இருக்கும் கருவி நேராக இணையத்திலிருந்து படத்தை எடுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட் ஆகிவிடும். வித்தியாசம் உடனே தெரியும்.

சத்தத்தைக் கேளுங்கள், பின்னால் ஓட்டிப் பாருங்கள்

கட்டம் வரும்போது சத்தமும் விட்டு விட்டு வருகிறதா? அப்படியானால் தரவு வழியில் தொலைகிறது. மழைக்கால இரவில் டிஷ் வைத்த வீடுகளில் இதுதான் நடக்கும். கே.யு. அலைவரிசை அடைமழையில் வலுவிழக்கும், படம் உறையும், பச்சையும் ஊதாவுமாகச் சதுரங்கள் சிதறும். மழை விட்டதும் சரியானால் அது வானத்தின் வேலை. வெயில் நாளிலும் தொடர்ந்தால் செட்டாப் பாக்ஸ் மெனுவில் சிக்னல் குவாலிட்டியைப் பாருங்கள், ஸ்ட்ரெங்த்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மொட்டை மாடியில் கேபிள் முனை துருப்பிடித்திருக்கலாம், டிஷ் லேசாகத் திரும்பியிருக்கலாம்.

சத்தம் சுத்தமாக ஓட, இருட்டுக் காட்சியிலும் வேகமான காட்சியிலும் மட்டும் கட்டம் தெரிந்தால் தரவு தொலையவில்லை. வந்ததே குறைவு. ஆறு பேருக்கு வடித்த சோற்றை அறுபது பேருக்குப் பரிமாறிய கதை.

இனி பின்னால் ஓட்டும் சோதனை. கட்டம் வந்த இடத்துக்கு முப்பது நொடி முன்னால் போய் மறுபடி ஓடவிடுங்கள். அதே இடத்தில், அதே உருவில் உடைந்தால் கோளாறு ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது அல்லது டிஸ்க்கில் கீறல். வேறு வேறு இடத்தில் உடைந்தால் பென் டிரைவ், யு.எஸ்.பி. துளை, சூடாகிப்போன ஸ்டிக் என்று வழியில் தேடுங்கள். ஸ்டிக்கை ப்ரொஜெக்டரின் சூடான காற்று வெளிவரும் பக்கம் தொங்கவிட்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அரை ஆம்பியர் மட்டும் தரும் யு.எஸ்.பி. துளையிலிருந்து அதற்குக் கரண்ட் கொடுப்பதையும் பார்க்கிறேன். தனி அடாப்டர் போடுங்கள், ஒரு சிறு எச்.டி.எம்.ஐ. நீட்டிப்பு வைத்துத் தள்ளி மாட்டுங்கள். இணையப் படத்தில் மறுபடி ஓட்டும்போது கட்டம் மறைந்துவிட்டால் நெட் வேகம் அந்தக் கணத்தில் சறுக்கியிருக்கிறது.

பழைய ஃபைல்களைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டரை மணி நேரப் படம் 700 எம்.பி.யில் இருந்தால், சத்தத்தையும் சேர்த்து நொடிக்கு சுமார் 0.6 மெகாபிட்தான். டிவிடியின் உச்சவரம்பே 9.8 மெகாபிட், ப்ளூரேயில் படத்துக்கு மட்டும் 40 வரை போகலாம். அந்த 700 எம்.பி. ஃபைலை 120 இஞ்சில் போட்டுவிட்டு ப்ரொஜெக்டரைத் திட்டுவது நியாயமில்லை. எந்த செட்டிங்கும் அதைக் காப்பாற்றாது.

ஓ.டி.டி.: வேகம் இருந்தும் தரம் இல்லை என்றால்

"எங்க வீட்டுல 100 எம்பிபிஎஸ் நெட்டுண்ணே" என்பார்கள். போனில் ஸ்பீட் டெஸ்ட் எடுத்துக் காட்டுவார்கள். போன் சோபாவில் ரூட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஸ்டிக் சீலிங்கில் கான்கிரீட்டை ஒட்டித் தொங்குகிறது. ஸ்டிக்கிலேயே பிரவுசரைத் திறந்து ஃபாஸ்ட் டாட் காம் போட்டுப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி 1080பி-க்கு 5 எம்பிபிஎஸ்ஸும் 4கே-க்கு 15-ம் போதும். அந்த அளவு சீராக வர வேண்டும் என்பதுதான் விஷயம். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து ரூட்டர் எல்லாம் முட்டி மோதும். 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், சுவர் குறுக்கே நின்றால் லேன் கேபிள் இழுங்கள். படம் தொடங்கிய சில நொடிகள் மங்கலாக இருந்து தெளிவது இயல்பு, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வேகம் இருக்கிறது, ஆனாலும் படம் வழவழவென்று இருக்கிறது என்றால் வேறொன்று. யூடியூபில் ஒரு 1080பி வீடியோவைப் போட்டு, செட்டிங்கில் இருக்கும் ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸை இயக்கினால், இப்போது என்ன ரெசல்யூஷன் ஓடுகிறது என்று திரையிலேயே எழுதிவிடும். அங்கே 1080 என்று காட்டி, படமும் தெளிவாக இருந்து, மற்ற ஓ.டி.டி. ஆப்களில் மட்டும் மங்கினால், எனக்கு முதல் சந்தேகம் வைட்வைன் மேல்தான். படத்தை யாரும் நகல் எடுக்காமல் இருக்கப் போடும் பூட்டு அது. எல்1 சான்று உள்ள கருவிக்கு எச்.டி. திறக்கும். எல்3 என்றால் பெரும்பாலான ஆப்கள் 480பி அளவிலேயே நிறுத்திவிடும், நீங்கள் எவ்வளவு சந்தா கட்டினாலும். மலிவான ப்ரொஜெக்டர்களுக்குள்ளேயே வரும் ஆண்ட்ராய்டில் எல்3 இருப்பது சாதாரணம். டி.ஆர்.எம். இன்ஃபோ என்ற ஆப்பை ஏற்றினால் எது என்று சொல்லும். எல்3 என்று வந்தால் உள்ளே இருக்கும் ஆப்பை மறந்துவிட்டு, சான்று பெற்ற தனி ஸ்டிக்கைச் செருகுவதுதான் வழி. ப்ரொஜெக்டரை மாற்ற வேண்டியதில்லை.

சந்தாத் திட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸின் பேசிக் திட்டம் 720பி, ஸ்டாண்டர்ட் 1080பி, பிரீமியம்தான் 4கே. பழைய ஏ.வி. ரிசீவர் வழியாகப் போகும் வீடுகளில் இன்னொரு சிக்கல்: எச்.டி.சி.பி. 2.2 என்ற நகல் தடுப்புப் பூட்டு தெரியாத ரிசீவர் நடுவில் நின்றால் 4கே படம் 1080பி-க்கு இறங்கிவிடும். ரிசீவரை விலக்கி நேராகச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ப்ரொஜெக்டரின் பங்கு

இப்போது மெஷினுக்கு வருவோம். ப்ரொஜெக்டர் தானாகக் கட்டம் உண்டாக்குவது அபூர்வம். ஆனால் வந்த கட்டத்தைப் பெரிதுபடுத்திக் காட்டுவதில் கெட்டிக்காரன்.

முதல் ஆள் ஷார்ப்னஸ். கடையிலிருந்து வரும்போதே ஏற்றி வைத்திருப்பார்கள். ஷார்ப்னஸ் விளிம்புகளைத் தேடித்தேடி அழுத்தும், கட்டத்தின் ஓரமும் அதற்கு விளிம்புதான். எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் மறையும் வரை குறையுங்கள். டீடெய்ல் என்ஹான்ஸ்மென்ட், சூப்பர் ரெசல்யூஷன் என்று வேறு பெயரில் இருப்பவையும் இதன் உறவுக்காரர்களே. நல்ல ப்ளூரேக்கு ஓரளவு வைத்துக்கொள்ளலாம், எஸ்.டி. சேனலுக்கு அணைத்துவிடுங்கள். எம்பெக் நாய்ஸ் ரிடக்ஷன் என்று ஒன்று இருந்தால் குறைந்த அளவில் வையுங்கள். கூட்டினால் கட்டத்தோடு சேர்த்து நடிகரின் முகத்திலிருக்கும் சுருக்கமும் போய்விடும்.

இரண்டாவது, இருட்டு. சுருக்கும்போது இருட்டுப் பகுதியில்தான் அதிகம் மிச்சம் பிடிப்பார்கள், யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். நாம் பிரைட்னஸை ஏற்றி, டைனமிக் கான்ட்ராஸ்டையும் போட்டுவிட்டால் மறைத்து வைத்ததெல்லாம் வெளிச்சத்துக்கு வரும். சுவரில், வானத்தில், கறுப்புச் சட்டையில் கட்டங்கள் நெளிகின்றன என்றால் இங்கே பாருங்கள். எச்.டி.எம்.ஐ. ரேஞ்சும் இதே காரியத்தைச் செய்யும். சினிமா, டிவி படங்களில் கறுப்பு 16-இல் தொடங்கி வெள்ளை 235-இல் முடிகிறது. ப்ரொஜெக்டர் அதை 0 முதல் 255 என்று எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாகும், அடியில் உள்ள கசடு முழுக்கத் தெரியும். ஸ்டிக்கிலும் ப்ரொஜெக்டரிலும் இரண்டும் லிமிட்டெட் என்று இருக்கட்டும், அல்லது இரண்டும் ஃபுல் என்று இருக்கட்டும். ஒன்றுக்கு ஒன்று முரணாக இருக்கக் கூடாது. ஏ.வி.எஸ். எச்.டி. 709 என்ற இலவச டெஸ்ட் படங்கள் கிடைக்கின்றன. அதில் கறுப்புப் பட்டைகளை வைத்துப் பிரைட்னஸைச் சரிசெய்வது கண்ணால் குத்துமதிப்பாகச் செய்வதைவிட நூறு மடங்கு மேல்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடிக்காதது: கீஸ்டோன். மெஷினை ஓரமாக ஸ்டூல் மேல் வைத்து, சாய்ந்த படத்தை டிஜிட்டல் கீஸ்டோனால் நிமிர்த்துவது சுலபம். ஆனால் அது பேனலில் உள்ள பிக்சல்களில் ஒரு பகுதியைக் கறுப்பாக்கிவிட்டு, மிச்சத்துக்குள் படத்தைக் கசக்கி நுழைக்கிறது. டிஜிட்டல் ஜூமும் இதே வேலைதான்: அதை 80 சதவீதம் வைத்தாலே 1920-இல் 1536 பிக்சல்தான் வேலை செய்யும். சாய்வான கோடுகள் படிக்கட்டாகும், எழுத்து நொறுங்கும். லென்ஸ் ஷிஃப்ட் உள்ள மெஷினில் அதைப் பயன்படுத்துங்கள், அது கண்ணாடியை நகர்த்துகிறது, பிக்சலைத் தொடுவதில்லை. இல்லாவிட்டால் மெஷினையே திரைக்கு நேர் நடுவில் கொண்டுவந்து, கீஸ்டோனைப் பூஜ்யத்தில் வைத்து, பிறகு படத்தைப் பாருங்கள். படத்தின் ஓரத்தை வெட்டி மிச்சத்தைப் பெரிதாக்கும் ஓவர்ஸ்கேனையும் அணையுங்கள்.

நான்காவது, பெட்டி மேல் அச்சடித்த பொய். "4கே சப்போர்ட்" என்றால் 4கே சிக்னலைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். காட்டுவது நேட்டிவ் ரெசல்யூஷன் என்ற வரியில் உள்ள எண். அந்த வரியே இல்லாத மெஷினை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், லேப்டாப்பை 1920-க்கு 1080-இல் வைத்து, ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறி வரும் கோட்டுப் படத்தை முழுத் திரையில் காட்டுங்கள். கோடு தனித்தனியாகப் பிரிந்தால் உண்மையான ஃபுல் எச்.டி. சாம்பல் பூசியது போலவோ, அலை அலையாகவோ தெரிந்தால் பேனல் அதைவிடச் சிறியது. கீஸ்டோன் அணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நல்ல மெஷினும் தோற்கும்.

வலை மாதிரித் தெரியும் பிக்சலுக்கு மருந்து தூரம்தான். கண் பிரித்தறியும் அளவை வைத்துக் கணக்குப் போட்டால், 120 இஞ்சில் ஃபுல் எச்.டி. பிக்சல் மறைய ஏறக்குறைய 15 அடிக்கு மேல் தள்ளி உட்கார வேண்டும். 100 இஞ்சில் 13 அடி போதும். நம் வீட்டு அறைகள் 12-க்கு 14 இருந்தாலே பெரிது. ஆகவே 100 இஞ்சுக்கு மேல் கேட்பவர்களிடம் நான் வாதாடுவேன். தோற்பதும் உண்டு, மச்சான் வீட்டில் 120 போட்டிருப்பார். எஸ்.டி. படத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு 80 இஞ்சே தாராளம். ஃபோகஸை ஒரு மயிரிழை விலக்கி வலையை மறைக்கும் பழைய தந்திரம் 720பி மெஷினில் இன்னும் பலிக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு, எந்தக் கருவியைச் செருகினாலும் ஒரே இடத்தில் அதே கட்டம் நிற்கிறது, ப்ரொஜெக்டரின் சொந்த மெனுவும் அங்கே உடைகிறது என்றால் அது போர்டு, பேனல் அல்லது அவற்றை இணைக்கும் ரிப்பன். வாரண்டி இருந்தால் ஒரு திருகையும் தொடாதீர்கள். வாரண்டி முடிந்த மலிவு எல்.சி.டி. மெஷினுக்கு உதிரி தேடி அலைவதைவிட அந்தக் காசைப் புதியதில் போடலாம் என்பது என் கணக்கு. எப்சன், பென்க்யூ மாதிரி சர்வீஸ் உள்ள மெஷின் என்றால் எழுதி வாங்கிய எஸ்டிமேட் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சர்வீஸ்காரருக்குப் போட்டோ அனுப்பும்போது மூன்று படம் அனுப்புங்கள்: திரை முழுக்க ஒன்று, கட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று, ப்ரொஜெக்டர் மெனு திறந்திருக்க ஒன்று. போன் கேமராவின் ஷட்டரை 1/60 அல்லது அதைவிட மெதுவாக வையுங்கள். டி.எல்.பி. வகை மெஷினில் கலர் வீல் என்ற நிறச் சக்கரம் சுற்றுவதால் வேகமான ஷட்டரில் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் விழும். அது கேமராவின் வேலை, கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பட்டைகளைக் காட்டி "பேனல் போச்சு சார்" என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.